புளிக்குப் பதில்

சிறுநீரகம் பாதிக்கு மேல் போய்விட்டது என்று டாக்டர் சொன்னபோது அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஊறுகாய் தொட்டுக்கலாமா?"

கூடாது. அப்பளம் கூடாது, கருவாடு கூடாது, கடைப் பொடி எதுவும் கூடாது. உப்பு பேருக்கு. பழம் எதுவானாலும் கேட்டுக்கொண்டுதான் கொடுக்கவேண்டும். இளநீர் வாயில் படவே கூடாது. டாக்டர் இந்தியில் சொல்லச் சொல்ல, மதினி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்டுக்கொண்டாள். அண்ணன் ஸ்ரீதர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சுவரில் சாய்ந்து நின்றேன்.

மதினி என்றால் சோபியா, ஸ்ரீதரின் மனைவி. ஜங்கிளிகாட்டில் மீன் இறங்கும் துறையை ஒட்டிய வீட்டில் வளர்ந்தவள். அவள் அப்பா ஜெபராஜ் தூத்துக்குடிப் பக்கமிருந்து இந்தத் தீவுக்கு வந்து போட் ஓட்டினார். எங்கள் அப்பா பன்னீர்செல்வம் விருதுநகர்ப் பக்கமிருந்து வந்து ஹேடோ துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். இரண்டு பேரும் ஒரே கப்பலில்கூட வந்திருக்கலாம். அதற்காக ஒரே பந்தியில் உட்கார முடியுமா? அண்ணன் கல்யாணத்துக்கு அப்பா போகவில்லை. அம்மா இறந்த பிறகுதான் சோபியாவை டாலிகஞ்சில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் விட்டார். சமைக்க ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நான் சென்னையில் அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்குப் பில் போடும் கம்பெனி ஒன்றில் இரவு ஷிப்ட் பார்த்தேன். அப்பாவுக்கு வந்த நோய்க்குப் பில்லில் போடும் கோடு நம்பர் எனக்கு மனப்பாடம். கோடு தெரிந்து என்ன. ஒருநாள் ஷிப்டின் பாதியில் எழுந்து இங்கே வந்தவன் திரும்பப் போகவில்லை. பகல் முழுக்க வீட்டில் கிடந்த ஆள் நான். அதனால் எல்லாவற்றையும் பார்த்தேன்.

அப்பாவின் சாப்பாடு கப்பலில் வரும். வருஷா வருஷம் பங்குனியில் ஜெயலட்சுமி அத்தை ஊரிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி அனுப்புவாள். மிளகாய் வற்றல், சாம்பார்பொடி, கல் உப்புப் போட்டு அடைத்த புதுப்புளி. யாராவது தெரிந்தவர் கப்பலில் கொண்டுவருவார். அப்பா தானே ஹேடோவுக்குப் போய் வாங்குவார். கயிற்றை அவிழ்த்து, புளியை உருட்டி மோந்து பார்த்து, "இது புளி. இங்க முளைக்கிறது பூரா காடு" என்பார். முருங்கைக்காய் மெயின்லாந்திலிருந்து கப்பலில் வாடி வதங்கி வரும். அதைத்தான் வாங்கச் சொல்வார். வீட்டுக்குப் பின்னால் தானாக முளைத்துக் கிடந்த கீரையை ஒருநாள்கூடத் தொட்டதில்லை.

சோபியா வந்த புதிதில் குழம்பில் பர்மா தனியா கிள்ளிப் போட்டாள். கொத்தமல்லி வாசனையையே பத்து மடங்காக்கிய மாதிரி இருக்கும், ஓரமெல்லாம் முள் வைத்த நீள இலை. அப்பா ஒவ்வொரு இலையாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்தார். சீமைப்பலாவைப் பொரியல் செய்து வைத்தாள். "இதப் பன்னிக்குப் போடு" என்றார். அதன் பிறகு அவள் வைக்கவில்லை. முருங்கைக்காய் சாம்பார், வத்தக்குழம்பு, மறுபடி முருங்கைக்காய் சாம்பார். அப்பா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "இந்தாம்மா" என்பார். மற்றவர்களிடம் பேசும்போது "அந்தப் பொண்ணு".

உப்பை எடுத்தவுடன் சாம்பார் செத்துப்போனது. அப்பா ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டை நகர்த்திவிடுவார். காலையில் இட்லி அப்படியே கிடக்கும். கன்னம் ஒட்டி, சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியது. சாப்பிடாமல் இருந்தால் இன்னும் சீக்கிரம் மோசமாகும் என்றார் டாக்டர்.

ஒருநாள் சோபியா அடுக்களை மேடைமேல் புளி டப்பாவைத் திறந்து வைத்து நின்றாள். கொஞ்சம் கிள்ளி நாக்கில் வைத்தவள் வாஷ்பேசினில் துப்பினாள்.

"அருணு, இத நக்கிப் பாரு."

நக்கினேன். கரித்தது.

"பூரா உப்பு. நான் அளந்து அளந்து உப்புப் போடுறேன். இது தனியாக் கொண்டுவந்து கொட்டுது. உங்க அத்தை நல்ல மனுஷி, உங்கப்பாவக் கொன்னுருவாங்க."

"கழுவிட்டுப் போடுங்க."

"கழுவினாப் போகுமா? ஊறிக் கிடக்கு." டப்பாவை மூடி மேல்தட்டில் ஏற்றினாள். "உப்ப எடுத்தா அந்த இடத்துல வேற ஏதாச்சும் நிக்கணும். புளிப்பு நிக்கும். வாசனை நிக்கும். இங்க அதுக்கா பஞ்சம்?"

பக்கத்து வீடு பீணாதி வீடு. வங்காளி அம்மாள். அவள் வீட்டுக் கமரங்கா மரம் எங்கள் சுவர்மேல் சாய்ந்திருக்கும். ஐந்து விளிம்பு வைத்த காய். குறுக்கே வெட்டினால் நட்சத்திரம். பள்ளிக்கூட வாசலில் மிளகாய்த்தூள் போட்டு விற்பார்கள், பழுத்ததும் விற்பார்கள். சோபியா பச்சையாக இருப்பதைப் பறித்து வந்து, வேகவைத்துப் பிழிந்து, சாறு எடுத்தாள். மிளகும் பச்சைமிளகாயும் தட்டிப்போட்டு, எலுமிச்சைப் புல்லை முடிந்து போட்டு, ஒரே ஒரு துண்டு மீன். இறக்கும்போது பர்மா தனியா.

அவள் கவனமில்லாத ஆள் என்று யாரும் சொல்ல முடியாது. சீமைப்பலா கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டாள். வேண்டாம் என்றார், விட்டாள். பூசணி கேட்டாள், பீன்ஸ் கேட்டாள், மீன் எத்தனை துண்டு என்று கேட்டாள். வாழைப்பழம் வீட்டுக்குள் வருவதையே நிறுத்தினாள், எனக்குக்கூட இல்லை. சாப்பாடு என்று அவள் நினைத்ததை எல்லாம் கேட்டாள்.

முதல் நாள் அப்பா குழம்பைப் பிசைந்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன இது?"

"குழம்பு மாமா."

"நம்ம புளி இல்லையே."

"உங்க புளியில உப்புக் கெடக்கு. அதுக்குப் பதில் கமரங்கா."

"பீணாதி வீட்டுல கெடக்குமே, அந்தக் காயா?"

"அதேதான்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பிடித்திருந்தது. "ஜங்கிள் குழம்பு" என்றார் அப்பா. தட்டை நகர்த்தவில்லை. கையை நக்கினார்.

அந்த வாரக் கடைசியில்தான் அது நடந்தது. "இன்னுங் கொஞ்சம் ஊத்து, சோபியா." கரண்டியோடு வாசலில் நின்றவள் அப்படியே நின்றாள். ஸ்ரீதர் சிரித்தான்.

"என்னப்பா, கட்சி மாறிட்டீங்க?"

"போடா. நாப்பது வருஷமா சம்பளம் குடுத்த ஊரு. ஒரு குழம்பு குடுக்காதா?"

அதற்குப் பிறகு தினமும் கமரங்காதான். குழம்பு, அதில் மிஞ்சிய சாற்றில் ரசம். ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிப்பார். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. மரைன் ஹில்லில் இருந்து பழைய சிநேகிதர் ஐயாவு வந்தால், அடுக்களைக்குக் கேட்கிற மாதிரி, "எம் மருமக கையில ருசி இருக்கு ஐயாவு. உப்பே இல்லாம ஆக்குறா, ஒனக்குத் தெரியுமா?" என்பார். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுபோகும். நான் கவனித்திருக்கிறேன்.

ஒரு மத்தியானம் கை கழுவிக்கொண்டே கேட்டார். "இது உங்க அம்மா சொல்லிக்குடுத்ததா?"

"இல்ல மாமா. நானா யோசிச்சது. அம்மாவுக்கே தெரியாது."

"அப்ப அவங்களும் வந்து சாப்பிட்டுப் பாக்கட்டும். ஞாயித்துக்கிழமை வரச்சொல்லு. அப்பாவையும்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஜெபராஜும் கிரேசியும் எங்கள் வீட்டு வாசலில் நின்று பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். மீன் கொண்டுவந்தால் கேட்டில் கொடுப்பார்கள். உள்ளே உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. சோபியா போனில் அம்மாவிடம் சொன்னபோது குரல் அவளுடையதாக இல்லை. "ஆமாம்மா, அவரேதான் சொன்னாரு. இல்லம்மா, நான் கேக்கல, அவரா." அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஞாயிறு பூசை முடிந்து நேராக வந்தார்கள். ஜெபராஜ் தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் மீன் பை. கிரேசி முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அப்பா வாசலுக்கு வந்து, "வாங்க சம்மந்தி" என்றார். இதுவரை அவர் வாயில் ஜெபராஜ் 'அந்தப் போட்காரன்'. ஸ்ரீதர் என்னை இடித்தான்.

அப்பா எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்தார். விருந்து என்பதால் சோபியா சாற்றைக் கெட்டியாக எடுத்திருந்தாள். அப்பா விருந்தாளிகளுக்குச் சாப்பிட்டுக் காட்டினார் என்றுதான் சொல்லவேண்டும். "ஊத்து. இன்னும் ஊத்து. சம்மந்திக்கும் ஊத்து." ரசத்தை டம்ளர் டம்ளராகக் குடித்தார்.

கை கழுவி வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் விக்கல் வந்தது.

"யாரோ நெனைக்கிறாங்க" என்றாள் கிரேசி. எங்கள் வீட்டுக்குள் அவள் தானாகப் பேசிய முதல் பேச்சு.

"ஜெயலட்சுமிதான்" என்றார் அப்பா. "புளிய ஏன்டா தொடலன்னு... ஹிக்... திட்டுறா."

ஜெபராஜ் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அடுத்த கப்பல்ல அவங்களே வந்து எறங்கிருவாங்க சம்மந்தி!"

எல்லோரும் சிரித்தோம். நானும். தண்ணீர் கொடுத்தோம். மூச்சைப் பிடிக்கச் சொன்னோம். நிற்கவில்லை. "ஏதாச்சும் புளிப்பாக் குடுத்தா நிக்கும்" என்று கிரேசி சொன்னாள். சோபியா உள்ளே போய் மிச்சமிருந்த ரசத்தைச் சூடு பண்ணிக் கொண்டுவந்தாள். அப்பா அதையும் குடித்தார்.

சாயங்காலம் வாந்தி எடுத்தார். விக்கல் நின்றபாடில்லை. விளக்குப் போடும் நேரத்துக்கு அப்பா வீட்டில் இல்லை, ஹேடோவில் இருந்தார். "ரஸ்ஸி சோடோ! அரே, ரஸ்ஸி சோடோ!" என்று கப்பல் கயிற்றை அவிழ்க்கச் சொல்லிக் கத்தினார். என்னைப் பார்த்து யார் நீ என்று கேட்டார். ஜெபராஜும் ஸ்ரீதரும் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சோபியாவைத்தான் கேட்டார். வீட்டில் விவரம் தெரிந்தவள் அவள் என்று அவருக்குத் தெரியும்.

"பழம் ஏதாவது கொடுத்தீர்களா?"

"ஒரு பழம்கூட இல்ல டாக்டர் சாப்." அதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. "வாழைப்பழம் வீட்டுக்குள்ளயே வரதில்ல."

"மதியம் என்ன?"

சோறு, பீன்ஸ், ஒரு துண்டு மீன், குழம்பு, ரசம் என்று வரிசையாகச் சொன்னாள். எதிலும் உப்பு இல்லை என்றாள். புளியில் உப்பு இருப்பதால் அதையும் நிறுத்திவிட்டேன் என்றாள்.

"புளி இல்லாமல் ரசமா?"

"கமரங்கா போட்டேன்."

டாக்டரின் பேனா நின்றது. "கமரக்? எத்தனை நாளாக?"

அவர் கேட்ட விதத்திலேயே சோபியாவுக்குப் புரிந்துவிட்டது.

அவர் திட்டவில்லை. நல்ல சிறுநீரகம் அந்தக் காயில் இருக்கிற விஷத்தைப் பிரித்து வெளியே தள்ளிவிடும், கெட்டுப்போன சிறுநீரகத்தால் முடியாது, அது மூளைக்கு ஏறும், முதல் அடையாளமே விக்கல்தான் என்றார். நிறையப் பேர் செத்திருக்கிறார்கள் என்றார். "பழம் எதுவானாலும் கேட்டுவிட்டுக் கொடுக்கச் சொன்னேனே?"

"பழம்னு நெனைக்கல" என்றாள் சோபியா. "எங்களுக்கு அது புளி."

வெளியே வராந்தாவில் கிரேசி ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். நோய் முற்றிவிட்டது என்று ஸ்ரீதர் சொன்னான். சோபியா சுவரைப் பார்த்து நின்றாள்.

அப்பா பிழைத்தார். ஆனால் சிறுநீரகம் மிச்சமில்லை. இனி டயாலிசிஸ் மெஷின்தான், சாகிறவரை. வீட்டுக்குக் கூட்டிவரும் முன்னால் ஸ்ரீதர் எங்கள் இரண்டு பேரையும் நிறுத்தினான்.

"காய் விஷயம் அப்பாவுக்குப் போகக்கூடாது. உமாவுக்குப் போகவே கூடாது. நோய் முத்திருச்சு, அவ்வளவுதான்."

உமா மகேஸ்வரி எங்கள் அக்கா, மதுரையில் இருக்கிறாள். சோபியா எங்கள் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து, அப்பாவுக்கு அவள் சோறு போடுகிறாளா என்று என்னிடம் தனியாகக் கேட்கிறவள்.

"சொல்லிருவோம்ங்க" என்றாள் சோபியா. "நான் வேணும்னு செய்யலயே."

"வேணும்னு செய்யலன்னு யார் நம்புவா? ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நான் மருந்துப் பையை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் போனேன்.

அப்பா வந்து படுத்த அன்றே கேட்டார். "அந்தக் குழம்பு வை."

"சீசன் முடிஞ்சிருச்சு மாமா."

அப்பாவின் கட்டில் ஜன்னலோரம். ஜன்னலுக்கு வெளியே பீணாதியின் மரம். கிளைகள் சுவரில் உரச, கொத்துக் கொத்தாகக் காய். அப்பா மரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அதற்குமேல் கேட்கவில்லை. அவள் உப்பில்லாத பருப்பில் எலுமிச்சை பிழிந்து வைத்தாள். தட்டு நகர்ந்தது. அடுத்த நாளும் நகர்ந்தது. "சோபியா" மறுபடி "இந்தாம்மா" ஆனது.

ஐயாவு பார்க்க வந்தார். அப்பா, முன்பு போலவே அடுக்களைக்குக் கேட்கிற குரலில் பேசினார்.

"அவங்க அப்பன் ஆத்தா நடுவீட்டுல உக்காந்து சாப்பிட்டாச்சு. சம்மந்தின்னு என் வாயாலயும் சொல்லியாச்சு. காரியம் முடிஞ்சது. இனி இந்தக் கெழவனுக்கு எதுக்கு வாய்க்கு ருசியா ஆக்கணும்?"

"விடுப்பா" என்றார் ஐயாவு.

"மரத்துல காய் தொங்குது ஐயாவு. என் கண்ணு முன்னால தொங்குது. சீசன் முடிஞ்சிருச்சாம்."

சோபியா வெளியே வந்தாள். அழுதுகொண்டு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அழவில்லை. புடவையில் கையைத் துடைத்தாள்.

"மாமா, அந்தக் காய்தான் உங்களப் படுக்க வச்சது."

ஐயாவு டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"கிட்னி சரியில்லாதவங்களுக்கு அது விஷம். எனக்குத் தெரியாது. டாக்டர் சொன்னப்புறம்தான் தெரியும். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு உங்க பெரிய மகன்தான் சொன்னாரு. அதான் வைக்கல. எங்க அப்பா அம்மா சாப்பிட்டுப் போனதுக்காக நிறுத்தல."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வெளியே ஒரு காய் பொத்தென்று விழுந்தது.

"உங்க அம்மா சொல்லிக்குடுத்ததா?" என்றார் அப்பா.

அதே கேள்விதான். ஞாயிற்றுக்கிழமைக்கு வரச்சொல்லு என்பதற்கு முன்னால் கேட்ட அதே கேள்வி. சோபியாவின் முகத்தில் அப்போதுதான் ஏதோ உடைந்தது.

"இல்ல" என்றாள். "நானா யோசிச்சது."

"ம்" என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, "அருணு, நாளைலேந்து நீ ஆக்கு" என்றார்.

அவர் கத்தவில்லை. ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. ஐயாவு போனதும் அக்காவுக்கு போன் போட்டார். "நான் அன்னைக்கே சொன்னேன்லப்பா" என்று அக்கா சொன்னது ஸ்பீக்கரில் வீடு முழுக்கக் கேட்டது. "தெரியாமச் செஞ்சாளாம்" என்றார் அப்பா. சந்தேகப்படுகிற குரல்கூட இல்லை அது. செய்தி சொல்கிற குரல். ஸ்ரீதர் அன்று மாலை வந்து சோபியாவைத்தான் திட்டினான். ஏன் வாயைத் திறந்தாய் என்று.

இப்போது நான்தான் ஆக்குகிறேன். கப்பல் வந்தால் வாடின முருங்கைக்காய் வாங்குகிறேன். மேல்தட்டிலிருந்து புளி டப்பா இறங்கிவிட்டது. அப்பா சொல்லி, நான்கு தண்ணீரில் அலசிவிட்டுக் கரைக்கிறேன். உப்பு போகிறதோ இல்லையோ புளிப்பு போய்விடுகிறது. சாம்பார் என்ற பெயரில் மஞ்சள் தண்ணீர். எனக்குச் சமைக்கத் தெரியாது. கற்றுக்கொள்ளும் ஆசையும் இல்லை. அடுக்களையில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று கேட்கக்கூட நான் அவளைக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் அப்பா தலையைத் தூக்கிப் பார்ப்பார்.

சோபியா பின்பக்கத் தகரக் கொட்டகையில் ஒற்றை அடுப்பு வைத்து அவளுக்கும் ஸ்ரீதருக்கும் சமைக்கிறாள். ஜெபராஜ் மறுபடி கேட்டில் நின்று மீன் கொடுத்துவிட்டுப் போகிறார்.

இன்று மத்தியானம் அப்பாவுக்குத் தட்டு வைத்தேன். சோற்றின் மேல் சாம்பாரை ஊற்றினேன். அப்போது ஜன்னல் வழியாக வாசனை வந்தது. பர்மா தனியா, தட்டிய மிளகு, எலுமிச்சைப் புல், அதற்கெல்லாம் கீழே அந்தப் புளிப்பு. அப்பாவின் கை தட்டில் நின்றது. மூக்கு விரிந்தது. கண்ணை மூடினார். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"அந்தப் பொண்ணு அடுப்புப் பக்கம் ஜன்னலச் சாத்து" என்றார்.

போனேன். கொட்டகையில் சோபியா முதுகைக் காட்டிக்கொண்டு குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது, அவளுக்குக் கேட்டிருக்கும். கரண்டி நிற்கவில்லை. அவள் திரும்பவில்லை. ஜன்னல் கதவை இழுத்துக் கொண்டி போட்டேன்.

திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்தேன்.

"நல்லாருக்கு" என்றார் அப்பா.

அவர் இன்னும் ஒரு வாய்கூட எடுத்திருக்கவில்லை.